உரம் ஏரிக்குப் போகாமல் இருக்க: எந்த நிலத்துக்கு எந்த வழி?

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் போகும். மேல் ஆயக்கட்டின் வடிகால்தான் கீழ் ஏரியின் வரத்து. வயலில் கரைந்த யூரியாவும் பூச்சிமருந்தும் அதே வழியில்தான் இறங்குகின்றன. 2022இல் ராம்சார் தலங்களான வேடந்தாங்கலும் கரிக்கிலியும்கூட இப்படி வரும் தண்ணீரை நம்பியிருக்கும் ஏரிகளே. இதைத் தடுக்க அளவறிந்து உரமிடுவது, வரப்பை உயர்த்தி நீரை வயலிலேயே நிறுத்துவது, வாய்க்கால் ஓரம் புல் வளர்ப்பது, ஏரியைத் தூர்வாருவது என நான்கு வழிகள் உண்டு. உரமூட்டையைப் பிரிக்கும்போதே தொடங்குவதுதான் முதல் வழி என்பது என் முடிவு. மற்ற மூன்றும் அதற்குத் துணை.

45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. நெல்வயலில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் 30 முதல் 40 சதவீதம், அதாவது ஆறு முதல் எட்டு கிலோதான். மிச்சத்தில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது, ஒரு பகுதி நீரோடு போகிறது. பயிருக்குத் தேவைப்படும்போது மட்டும் மேலுரம் இட, இலை வண்ண அட்டை உதவும். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரத்துக்கொரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், அட்டையில் நம் நிழல் விழும்படி நின்று, மேலே முழுதாக விரிந்த இலைகளில் பத்தின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆறு இலைகளாவது அந்த ரகத்துக்கான அளவைவிட வெளிறியிருந்தால்தான் யூரியா. இதில் இன்னொரு லாபமும் உண்டு. தழைச்சத்து மிகுந்த பயிரைத்தான் புகையானும் குலைநோயும் எளிதில் பிடிக்கின்றன. உரம் குறைந்தால் மருந்தடிப்பும் குறையும். புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொல்லும் மருந்தை முன்கூட்டியே அடித்தால் புகையான் பெருகவே செய்யும்.

அடுத்து, தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று பாருங்கள். மதுராந்தகம் பக்கத்துக் களிமண் வயலில் அது மடை வழியே ஓடும். அங்கே உரமிட்ட பின் மடையை ஒரு வாரம் அடைத்து வைப்பதும், வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ விடுவதும் பலன் தரும். வாய்க்கால் ஓரத்துப் புல், மண்ணோடு ஒட்டிப் போகும் மணிச்சத்தைப் பிடிக்கும். மாமல்லபுரம் கரையோர மணல் நிலத்தில் இந்தப் புல்லால் அதிகப் பயனில்லை. அங்கே நைட்ரேட் நேராகக் கீழே இறங்கி, குடிக்கும் கிணற்றையே சேரும். சிறு சிறு அளவாகப் பிரித்து இடுவது, தொழுவுரம், சொட்டுநீரோடு கரைத்து விடும் உரம் இவைதான் அங்கே சரி. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு முழு மானியம் கிடைக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரப்பே நிற்காதே என்பார்கள். உண்மைதான். அதனால்தான் வரப்பை முதல் வழியாகச் சொல்லவில்லை. மழை அறிவிப்பு இருக்கும்போது மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருப்பது எந்த வரப்பையும்விட உறுதியான தடுப்பு. யூரியா மலிவு, கூடுதலாகப் போட்டால் என்ன நஷ்டம் என்பது இன்னொரு வாதம். பயிர் சாய்வதையும் கூடுதல் மருந்துச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு நிலைக்காது. ஊர்ச் சாக்கடைதானே பெரிய கேடு என்ற கேள்வியும் நியாயமானது. பக்கிங்ஹாம் கால்வாயைப் பொறுத்தவரை அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உள்பகுதி ஏரிகளைச் சுற்றிப் பெரும்பாலும் வயல்கள்தான். தூர்வாருவதும் தேவைதான், ஆனால் மேலிருந்து சத்து வந்துகொண்டே இருந்தால் ஆகாயத்தாமரை திரும்ப மண்டும். மருந்தடித்த தெளிப்பானை வாய்க்காலில் கழுவாமல் வயலுக்குள்ளேயே கழுவுங்கள். அதற்குக் காசே செலவில்லை, இன்றைக்கே தொடங்கலாம்.