வேனை ‘ஃபோர் வீல்’ ஆக்கலாமா? டீசல் கணக்கும் ஆர்.சி. கணக்கும்

மழைக்காலம் வந்துவிட்டால் மலைக்கிராமங்களுக்கு வேன் ஓட்டுபவர்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். “சேத்துல பின் வீல் சும்மா சுத்துது. முன் வீலுக்கும் பவர் வர்ற மாதிரி வேனை மாத்திட்டா என்ன?” இணையத்தில் வெளிநாட்டு வேன்கள் ஆற்றையும் பாறையையும் கடந்து போகும் வீடியோவைப் பார்த்தால் இந்த ஆசை இன்னும் கூடும்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் பட்டறையில் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். டீசல் செலவு எவ்வளவு கூடும்? மலைப்பாதையில் அது உண்மையிலேயே பாதுகாப்பா? சட்டம் அதை அனுமதிக்கிறதா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஃபோர் வீல் டிரைவ் என்றால் என்ன?

நம் ஊரில் ஓடும் பெரிய பயணிகள் வேன்களில் பெரும்பாலானவை பின்சக்கர இயக்கம் கொண்டவை. எஞ்சின் முன்னால் இருக்கும். அதன் சக்தி கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் ஆக்ஸிலுக்குப் போய் இரண்டு பின் சக்கரங்களை மட்டும் தள்ளும். முன் சக்கரங்கள் வண்டியைத் திருப்ப மட்டுமே.

ஃபோர் வீல் டிரைவில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ என்ற ஒரு பெட்டி கூடுதலாக இருக்கும். அது சக்தியை இரண்டாகப் பிரித்து முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும். வழுக்கும் இடத்தில் நான்கு டயரும் சேர்ந்து பிடிப்பதால் வண்டி நகர்ந்துவிடும்.

ஏற்கெனவே ஓடும் வேனை இப்படி மாற்றுவது சின்ன வேலை இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், முன்பக்கத்துக்கு ஒரு ஷாஃப்ட், சக்தியைக் கடத்தக்கூடிய முன் ஆக்ஸில் எல்லாமே புதிதாக வர வேண்டும். இவற்றுக்கு இடம் கிடைக்க வண்டியின் உயரத்தைக் கூட்ட வேண்டும். பின் ஆக்ஸிலின் பல்சக்கர விகிதமும் முன் ஆக்ஸிலின் விகிதமும் பொருந்த வேண்டும். ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக் குழாய்கள் வரை எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பழக்கம் வேரூன்றியது அமெரிக்காவில். அங்கே 1961-ல் வந்த ஃபோர்டு எக்கனோலைன் வேனை, ஃபோர்டு நிறுவனம் கடைசிவரை ஃபோர் வீல் டிரைவாகத் தயாரித்து விற்கவில்லை. பனி கொட்டும் ஊர்களில் தேவை இருந்ததால், பென்சில்வேனியாவின் குவிக்லி போன்ற நிறுவனங்கள் வேன்களை மாற்றித் தருவதையே தொழிலாக வைத்துக்கொண்டன. பிறகு ஃபோர்டே தன் டிரான்சிட் வேனில் 2020 மாடலிலிருந்து எல்லாச் சக்கர இயக்கத்தைத் தொழிற்சாலையிலேயே கொடுக்கத் தொடங்கியது. நாம் வீடியோவில் பார்க்கும் வேன்களுக்குப் பின்னால் வேறொரு நாட்டின் சாலைகளும் வேறொரு நாட்டின் சட்டமும் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

மைலேஜ் ஏன் குறைகிறது?

நான்கு காரணங்கள்.

1. எடை: கூடுதல் இரும்பை வண்டி எப்போதும் சுமக்கிறது. ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு ஏற்றத்திலும் அதை நகர்த்த டீசல் எரிகிறது.

2. உராய்வு: சக்தி கடக்கும் பல்சக்கரங்களும் பேரிங்குகளும் கூடக் கூட, வழியிலேயே கொஞ்சம் சக்தி வெப்பமாகப் போய்விடும். டூ வீல் நிலையில் ஓட்டினாலும், முன் ஹப்பைத் தனியாகத் துண்டிக்கும் வசதி இல்லையென்றால் முன்பக்கத்து ஷாஃப்டும் பல்சக்கரமும் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

3. காற்று: வேன் என்பது ஒரு பெரிய பெட்டி. அதை உயர்த்தினால் அடியில் புகும் காற்றும் தடுக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். 40-ல் போவதை 80 ஆக்கினால் எதிர்ப்பு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

4. டயர்: சேற்றுக்கான முரட்டு பட்டன் டயர் தார் ரோட்டில் உருள அதிக சக்தி கேட்கும்.

ஒரு சின்னக் கணக்கு

உங்கள் வேன் மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 300 லிட்டர் டீசல். மாற்றத்துக்குப் பிறகு மைலேஜ் 8.5 ஆகக் குறைந்தால் மாதம் 353 லிட்டர். வருடத்துக்குக் கூடுதலாக சுமார் 635 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று எடுத்தால் வருடத்துக்கு சுமார் 58,000 ரூபாய்.

இங்கேதான் யோசிக்க வேண்டும். வருடம் 36,000 கிலோமீட்டர் ஓடும் வேன், அதில் சேற்றுப் பாதையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? பலருக்கு 200, 300 கூடத் தேறாது. அந்த 300-க்காக மீதி 35,700 கிலோமீட்டருக்கும் கூடுதல் டீசல் ஊற்றுகிறோம். உங்கள் வேனின் உண்மையான எண்களைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள். போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

மைலேஜை எப்படிச் சரியாக அளப்பது?

டேங்க்கை ஃபுல் செய்து மீட்டர் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். அடுத்த முறை முடிந்தவரை அதே பங்க்கில், முதல் முறை பம்ப் தானாக நின்ற அதே அளவுக்கு ஃபுல் செய்யுங்கள். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் கிடைக்கும். ஒரே தடவையில் முடிவுக்கு வராமல் மூன்று, நான்கு முறை செய்து சராசரி எடுங்கள்.

ஆனால் டயர் அளவை மாற்றிய வண்டியில் மீட்டரே தவறாகக் காட்டும். மீட்டர் எண்ணுவது சக்கரம் சுற்றுவதைத்தான், சாலையை அல்ல. டயரின் விட்டம் 10 சதவீதம் கூடினால், வண்டி 1,100 கிலோமீட்டர் ஓடியிருக்கும்போது மீட்டர் 1,000 என்றுதான் காட்டும். மைலேஜ் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இதைவிட ஆபத்தானது வேகம். முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66-ல் போய்க்கொண்டிருக்கும். சக்கரச் சுற்றை வைத்து வேலை செய்யும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அதே அளவு ஏமாறும்.

மலைப்பாதைக்கு ஃபோர் வீல் தேவையா?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. இரண்டிலும் பின்சக்கர இயக்கம் கொண்ட பேருந்துகள் தினமும் ஏறி இறங்குகின்றன. தார் போட்ட மலைப்பாதைக்கு ஃபோர் வீல் அவசியம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

சொல்லப்போனால், காய்ந்த தார்ச்சாலையில் அது இடைஞ்சல். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடும். சாதாரண ஃபோர் வீல் அமைப்பு முன்னையும் பின்னையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுவதால், கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்ப மறுக்கும், டயர் தேயும், பல்சக்கரங்களில் முறுக்கு ஏறும். சேறு, மணல், ஈரப் புல் போன்ற வழுக்கும் தரைக்கு மட்டும்தான் அது.

இன்னொரு உண்மை: ஃபோர் வீல் டிரைவ் வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. எல்லா வண்டியிலும் பிரேக் ஏற்கெனவே நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. எடையைக் கூட்டினால் இறக்கத்தில் அதே பிரேக்குக்கு வேலை அதிகம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டி கவிழும் ஆபத்து. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 15 பேர் அமரும் வேன்களைப் பற்றி 2001-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தனி வண்டி விபத்துகளில், 10 பேரோ அதற்கு மேலோ ஏறிய வேன்கள் கவிழும் விகிதம், குறைவான ஆட்களோடு போகும் வேன்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்றது. காரணம், ஆட்கள் ஏற ஏற வண்டியின் எடை மையம் மேலேயும் பின்னாலேயும் போகிறது. வண்டியை உயர்த்துவது அதே எடை மையத்தை இன்னும் மேலே தூக்குகிறது. வேனுக்குள் பள்ளிப் பிள்ளைகளும் கல்யாண வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருக்கும்போது இது வெறும் மைலேஜ் பிரச்சினை அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இங்கே அடிப்படை. பதிவுச் சான்றிதழில், அதாவது ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு, அனுமதிக்கப்பட்ட கிட் மூலம் மாற்றுவதற்குச் சட்டம் நிபந்தனைகளோடு வழி வைத்திருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் மாற்றம் அந்த எரிபொருள் வகையில் வராது.

“ஆர்.சி.யில டூ வீல் டிரைவ்னு எழுதவே இல்லையே?” என்று கேட்கலாம். சரிதான். ஆனால் வண்டியின் வெற்று எடை இருக்கிறது. போக்குவரத்து வாகனம் என்றால் டயர் அளவும் ஆக்ஸில் எடையும் இருக்கும். மாற்றத்துக்குப் பிறகு இவை எதுவும் பொருந்தாது. அதோடு, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை அப்படியேதான் இருக்கும். 200 கிலோ இரும்பு ஏறினால், மூன்று பேரை ஏற்றும் கொள்ளளவு போய்விட்டது என்று அர்த்தம்.

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து, தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தெளிவுபடுத்தியது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 182-ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடம் உண்டு.

அனுமதி பெற்றுச் செய்யும் எந்த மாற்றத்தையும் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். மேக்சி கேப் போன்ற வாடகை வண்டிகளுக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதன்பிறகு வருடந்தோறும் எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும். நம்ம ஆட்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் அப்போது வண்டியைப் பார்ப்பார். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படவும் வாய்ப்பு உண்டு.

பழைய வேன் வாங்குகிறீர்களா? போனிலேயே பாருங்கள்

- எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பதிவு, எஃப்.சி., காப்பீடு எதுவரை செல்லும் என்று பாருங்கள்.
- விற்பவரிடம் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கி, எஞ்சின் எண், சேசிஸ் எண், இருக்கை எண்ணிக்கை, டயர் அளவு ஆகியவற்றை வண்டியோடு ஒப்பிடுங்கள். டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் உள்ள ஆர்.சி. அசலுக்குச் சமமாகச் செல்லும்.
- சந்தேகம் இருந்தால் எடைமேடையில் வெறும் வண்டியை நிறுத்தி எடை பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள வெற்று எடையைவிட 100, 200 கிலோ கூடுதலாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.
- “எல்லாம் பண்ணிக்கலாம் சார், ஒண்ணும் பிரச்சினை வராது” என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் அன்றைய உரிமையாளர்தான்.

அப்போ சேற்றுப் பாதைக்கு என்ன வழி?

- டயரைப் பாருங்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் ஓடக் கூடாது. சேற்றில் அதற்கு முன்பே கைவிட்டுவிடும்.
- காற்றழுத்தத்தை, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள். காற்று குறைந்தால் மைலேஜும் குறையும்.
- தேவையில்லாத கேரியரையும் சாமானையும் இறக்குங்கள். எந்தச் செலவும் இல்லாமல் மைலேஜ் கூட இதுதான் நேர்வழி.
- சேற்றில் மாட்டினால் ஆக்சிலேட்டரை அழுத்தி வீலைச் சுற்றவிடாதீர்கள். பயணிகளை இறக்கி, டயருக்கு அடியில் பலகையோ கல்லோ கொடுத்து, மெதுவாக நகர்த்துங்கள்.
- இறக்கத்தில், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் இறங்கவே கூடாது.
- கரடுமுரடுப் பாதையில் வாகனம் மாறுங்கள். தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குப் போகிறவர்கள் சூரியநெல்லியில் வேனை நிறுத்திவிட்டு ஜீப்பில்தான் ஏறுகிறார்கள். செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு.
- வருடம் முழுக்க அப்படிப்பட்ட பாதைதான் என்றால், தொழிற்சாலையிலேயே ஃபோர் வீல் டிரைவாக வரும் வாகனத்தை வாங்குங்கள். ஆறேழு பேருக்கு ஒரு வண்டி என்று பிரித்து ஓட்டினாலும், அது சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற வண்டி.

எந்த மாற்றமாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள், எழுத்தில் அனுமதி வாங்குங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், அதன்பிறகுதான் பட்டறை.