அதிமதுரமும் வயிற்றுப்புண்ணும்

இருமல் வந்தால் அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லும் பாட்டிமார் நம்மில் பலர் வீட்டில் உண்டு. அந்த வேர் வயிற்றுப்புண்ணுக்கும் மருந்தான வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரே அதிமதுரம். 'அதி' என்றால் மிகுந்த. 'மதுரம்' என்றால் இனிப்பு. இந்த இனிப்புக்குக் காரணம் கிளிசரைசின் என்னும் பொருள். இது சர்க்கரையைவிட 30 மடங்குக்கும் மேல் இனிப்பானது.

புண் உண்டாவது எப்படி?

உணவு செரிப்பதற்காக நம் இரைப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதபடி வழவழப்பான சளிப்படலம் ஒன்று அதன் உட்சுவரைக் காக்கிறது. இக்காவல் தளர்ந்தால் புண் உண்டாகிறது.

வேரிலிருந்து மாத்திரை

1946ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டு மருத்துவர் ரெவர்ஸ், அதிமதுரச் சாறு இரைப்பைப் புண்ணை ஆற்றுவதாக எழுதினார். பின்னர் 1960களில் இங்கிலாந்தில், கிளிசரைசினிலிருந்து கிடைக்கும் அமிலத்தைக் கொண்டு கார்பினாக்சலோன் என்ற மருந்தைச் செய்தார்கள். அது சளிப்படலத்தை வலுவாக்கிப் புண்ணை ஆற்றியது.

ஆனால் ரெவர்ஸ் கண்ட ஒரு தொல்லை இம்மருந்திலும் தொடர்ந்தது. சில நோயாளிகளுக்கு உடல் வீங்கியது. சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கும் நொதி ஒன்று உண்டு. அதிமதுரப் பொருள் அந்த நொதியைத் தடுத்துவிடுகிறது. அதனால் உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் வேறு மருந்துகள் 1970களில் வந்தபின் கார்பினாக்சலோன் மெல்ல வழக்கொழிந்தது.

ஒரு பாட்டியின் அனுபவம்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுபவர். வயிற்றெரிச்சலுக்காக நாள்தோறும் அதிமதுரக் கஷாயமும் குடித்து வந்தார். கஷாயம் வைத்துக் கொடுத்தவள் எங்கள் தோழியே. சில வாரங்களில் பாட்டியின் கால்கள் வீங்கின, அழுத்தமும் ஏறியது. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டபோது, "இல்லை" என்றார் பாட்டி. வேரை அவர் மருந்தாகவே எண்ணவில்லை! உடன் சென்றிருந்த தோழிதான் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னாள். கஷாயம் நின்றது, வீக்கமும் வடிந்தது. அன்று அவள் வாய் திறவாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் பலமுறை பேசிக்கொண்டோம்.

புண்ணின் மூலகாரணம்

1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைப் பிரித்தெடுத்து வளர்த்தனர். வயிற்றுப்புண் பலருக்கு வருவது இக்கிருமியால்தான் என்று பின்னர் உறுதியாயிற்று. இதற்காக இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். வலி மாத்திரைகளை நெடுநாள் விழுங்குவதும் புண்ணுக்கு மற்றொரு காரணம். கிருமி இருந்தால் அதற்குரிய மருந்துகளை டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். கஷாயம் எரிச்சலைத் தணித்தாலும் அச்சிகிச்சைக்கு ஈடாகாது.

ஆகவே தோழியரே, மூலிகைகளை இகழவும் வேண்டாம். தீங்கற்றவை என்று நம்பி அளவின்றி அருந்தவும் வேண்டாம். நோயைத் தீர்க்கும் ஆற்றல் உள்ள பொருளுக்குத் தீங்கு செய்யும் ஆற்றலும் உண்டு. வீட்டில் பெரியவர்கள் குடிக்கும் கஷாயத்தையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்வோம். பாட்டியின் கைவைத்தியமும் டாக்டரின் அறிவும் ஒன்றையொன்று அறிந்திருப்பதே நலம்.