திருப்பதிக்கு எங்கே இறங்குவது?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் தமிழ்க் குடும்பங்களின் பயணத் திட்டத்தில் திருப்பதி இல்லாமல் இருப்பது அபூர்வம். மொட்டை, காதுகுத்து, பழைய வேண்டுதல் என்று ஏதாவது ஒன்று பாக்கி இருக்கும். விமான டிக்கெட் எடுத்த அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கிவிடும்: எந்த ஏர்போர்ட், எந்த ரயில், காருக்கு எவ்வளவு. பெரியப்பா ஒன்று சொல்வார். "நாங்க இப்பதானே போயிட்டு வந்தோம்" என்று சித்தி வேறொன்று சொல்வார். இரண்டுமே எப்போதோ ஒரு காலத்தில் சரியாக இருந்திருக்கும். வழிகள் மாறிவிட்டன, யோசனைகள் மட்டும் பழையபடியே கைமாறிக்கொண்டிருக்கின்றன. அடிக்கடி காதில் விழும் சிலவற்றைச் சரிபார்ப்போம்.

"திருப்பதியிலேயே இன்டர்நேஷனல் ஏர்போர்ட் இருக்கே!"

இருக்கிறது. நகரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தள்ளி, ரேணிகுண்டாவில். 2015 அக்டோபர் 22 அன்று பிரதமர் மோடி அதன் புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். கருடா முனையம் என்று பெயர். பின்னர் சர்வதேச விமான நிலையம் என்ற தகுதியும் வந்தது. தகுதி வந்த அளவுக்கு விமானம் வரவில்லை. அங்கே அன்றாடம் இறங்குபவை ஹைதராபாத் போன்ற ஊர்களிலிருந்து வரும் உள்நாட்டு விமானங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ ஏறி ரேணிகுண்டாவில் இறங்கலாம் என்று எண்ணி யாரும் பெட்டி கட்ட வேண்டாம்.

"சரி, ஹைதராபாத்தில் மாறிக்கொள்கிறோம்" என்பார்கள். மாறலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருபவர் இந்தியாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடிநுழைவுச் சோதனையையும் சுங்கச் சோதனையையும் முடித்தாக வேண்டும். பெட்டியில் திருப்பதி என்று சீட்டு ஒட்டியிருந்தாலும், பொதுவாக அதை ஹைதராபாத்தில் பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் இன்னும் சிக்கல். முதலாவது தாமதமானால் இரண்டாவதன் காசு போனதுதான். நடுவே மூன்று நான்கு மணி நேரமாவது விட வேண்டும். அந்த நேரத்தில் சென்னையிலிருந்து தரைவழியாகவே திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அமெரிக்காவிலிருந்து எப்படியும் ஹைதராபாத்தில் இறங்கப்போகிறவர்களுக்கு ரேணிகுண்டா விமானம் நல்ல வசதி. சென்னைக்கு நேரடி விமானம் உள்ள சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடாக்காரர்களுக்கு அது சுற்றுவழி.

"சென்னை ஏர்போர்ட்டில் இறங்கினால் காரை விட்டால் வழியில்லை"

இதை நம்புகிறவர்கள் ஏராளம். ஆனால் விமான நிலையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் திரிசூலம் ரயில் நிலையம். 2016 செப்டம்பரிலிருந்து விமான நிலையத்துக்கே மெட்ரோவும் வருகிறது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைக்கு அடியில் பாதை திறந்த பிறகு, வண்டி மாறாமல் சென்ட்ரலுக்குப் போய்விடலாம். முக்கால் மணி நேரப் பயணம். பெரிய பெட்டியோடு ஏறலாம். திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்தால் டீ விலையில் பார்க் ஸ்டேஷன், எதிரே சென்ட்ரல். கையில் ஒரு பை மட்டும் இருப்பவர்களுக்கு அது போதும். நாலு பெட்டியும் பாட்டியும் உடன் இருந்தால் பார்க் ஸ்டேஷன் படிக்கட்டை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜப்பானைப் பார், விமான முனையத்துக்கு அடியிலேயே ரயில் என்று நம்மவர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. டோக்கியோவிலிருந்து 60 கி.மீ. தள்ளியிருக்கும் நரிட்டா விமான நிலையம் 1978ல் திறந்தபோது அப்படி இல்லை. ரயில் எட்டத்தில் நின்றது. அங்கிருந்து முனையத்துக்குப் பஸ். முனையத்தின் அடியில் ரயில் வந்து நின்றது 1991ல்தான். சென்னையில் ரயில் எதிர்ப்பக்கத்திலேயே எத்தனையோ காலமாக நிற்கிறது. வருகைக் கதவைத் தாண்டியதும் "சார், டாக்ஸி" என்று சூழ்ந்துகொள்ளும் கூட்டத்தில் அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

"திருப்பதி ரயில் ஃபுல்"

நான் திருத்த விரும்பும் நம்பிக்கைகளில் முதலிடம் இதற்கு. சென்னை சென்ட்ரல் முதல் திருப்பதி வரை சுமார் 150 கி.மீ.; மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டும். காலையில் சப்தகிரி, மாலையில் கருடாத்ரி என்று நேர் வண்டிகள் உண்டு. ரிசர்வேஷன் செயலியில் திருப்பதி என்று தட்டிப் பார்த்து, அவற்றில் இடமில்லை என்றதும் பலர் காருக்குப் போய்விடுகிறார்கள்.

ரேணிகுண்டா என்று ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். சென்னையையும் மும்பையையும் இணைக்கும் பழைய பாதை அரக்கோணம், திருத்தணி, புத்தூர் கடந்து ரேணிகுண்டா ஜங்ஷன் வழியாகப் போகிறது. திருப்பதி அந்தத் தலைமைப் பாதையில் இல்லை. ரேணிகுண்டாவில் பிரியும் கிளையில் இருக்கிறது. அதனால் மும்பைப் பாதையில் போகும் வண்டிகள் திருப்பதியைத் தொடாமல் ரேணிகுண்டாவில் நின்றுவிட்டு நேரே போய்விடும். 2023 செப்டம்பரில் தொடங்கிய விஜயவாடா வந்தே பாரத் அதிகாலையில் சென்ட்ரலை விட்டு ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே கடந்து ரேணிகுண்டாவில் நிற்கிறது. அங்கிருந்து திருப்பதி நகரம் 10 கி.மீ. அளவு, ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ, சாலைக்கு வந்தால் பஸ். ஒரு எச்சரிக்கை: அந்த வந்தே பாரத் புறப்படும் நேரத்துக்குள் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரலை அடைய முடியாது, மெட்ரோ ஓடத் தொடங்குவதே ஐந்து மணி அளவில்தான். நள்ளிரவில் இறங்கியவர் காரில் சென்ட்ரலுக்குப் போய்க் காத்திருக்கலாம். நான்கு மணிக்கு இறங்குபவர் சப்தகிரியைக் குறிவைப்பதே நல்லது.

முன்பதிவை நான்கு மாதம் முன்பே செய்யலாம் என்பதும் பழங்கதை. 2024 நவம்பர் முதல் 60 நாள்தான்.

"கோயம்பேட்டுக்குப் போனால் திருப்பதி பஸ் வரிசையாக நிற்கும்"

நின்றது, ஒரு காலத்தில். 2018 அக்டோபரில் மாதவரம் பேருந்து நிலையம் திறந்த பிறகு ஆந்திரா பக்கம் போகும் பேருந்துகள் பெரும்பாலும் அங்கே போய்விட்டன. செங்குன்றம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகும் வண்டியை மாதவரத்தில்தான் பிடிக்க வேண்டும். விமான நிலையம் சென்னையின் தென்கோடி, மாதவரம் வடகோடி. பெட்டிகளோடு ஊரைக் குறுக்கே கடந்து போய் பஸ் ஏறுவதற்கு சென்ட்ரலே மேல். வடசென்னையில் உறவினர் வீட்டில் இரவு தங்கிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு மாதவரம் மிகவும் தோது.

"கார் பிடித்தால் மூன்று மணி நேரத்தில் மலைமேல்"

கார் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குழந்தை, முதியவர், நான்கைந்து பேர் என்றால் கணக்குப் போட்டாலும் கார்தான் வரும். ஆனால் மூன்று மணி நேரம் என்பது சாலை காலியாக இருக்கும் வேளையின் கணக்கு. அதுவும் கீழ்த் திருப்பதி வரைக்கும்தான். திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகப் போவது வழக்கமான பாதை. காலை எட்டு மணிக்கு விமான நிலையத்தை விட்டால் சென்னையின் எல்லையைத் தாண்டுவதற்கே கணிசமான நேரம் போய்விடும். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் சாலை விரியத் திறந்திருக்கும். ஆனால் டிரைவர் அண்ணன் முந்தின நாள் எத்தனை டிரிப் ஓட்டினார் என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

திருத்தணியைக் கடந்து சற்றுத் தூரத்தில் மாநில எல்லை. 1960 வரை திருத்தணியும் ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லை மாற்றத்தில் நம் பக்கம் வந்தது. நகரி, புத்தூர் பக்கம் போனால் தமிழில் வழி கேட்கலாம், தமிழிலேயே பதிலும் வரும். ஆனால் வண்டியின் காகிதத்துக்கு அந்த உறவெல்லாம் தெரியாது. அகில இந்திய சுற்றுலா பெர்மிட் உள்ள வண்டி தடையில்லாமல் போகும். இல்லாத வண்டி ஆந்திராவுக்குத் தனியே பெர்மிட் எடுக்க வேண்டும்; அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். பேசும்போதே நான்கு கேள்வி: ஆந்திரா பெர்மிட் உண்டா, டோல் யாருடையது, டிரைவர் பேட்டா சேர்ந்ததா, திரும்பி வரும் காலி வண்டிக்கும் கிலோமீட்டர் கணக்கா. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டவர்கள்தான் இறங்கும்போது சண்டை போடுகிறார்கள். ஆப் டாக்ஸி என்றால் இன்னொன்று: அது முனைய வாசலுக்கு வராது, பல அடுக்கு வாகன நிறுத்தம் வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

இனி மலை. அலிபிரி சோதனைச் சாவடியில் வண்டியையும் பைகளையும் சோதிப்பார்கள். நெரிசல் நாளில் அங்கேயே நேரம் கரையும். நள்ளிரவிலிருந்து அதிகாலை மூன்று மணி வரை மலைப்பாதை வழக்கமாக மூடியிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டி எடுத்து, காரில் விரைந்து போனாலும் அடைத்த கேட்டின் முன்தான் நிற்க நேரும். அப்படிப்பட்டவர்கள் சென்னையில் தூங்கிவிட்டுக் காலையில் சப்தகிரியில் போனால் தரிசனத்துக்குச் சிவந்த கண்ணோடு போக வேண்டியதில்லை. ரயிலில் வருபவர்களுக்குத் திருப்பதி ஸ்டேஷன் அருகிலேயே திருமலைக்குப் போகும் ஆந்திர அரசு பஸ் கிடைக்கும். மலைமேல் ரயிலும் கிடையாது, ரோப் காரும் கிடையாது; அதைப் பற்றி வரும் வீடியோக்களை அப்படியே கடந்துவிடுங்கள்.

"சித்தூரா? திருப்பதி பக்கம்தானே!"

சித்தூர்க்காரர்களைக் கோபப்படுத்த இந்த ஒரு வரி போதும். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். அதற்கு முன் ஒரே மாவட்டமாக இருந்தபோதும் இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 70 கி.மீ. சென்னையில் இறங்கி சித்தூர் போக வேண்டியவர் திருப்பதி வழியாகப் போனால் முக்கோணத்தின் இரண்டு பக்கத்தையும் சுற்றுகிறார்.

சித்தூருக்கு வாசல் காட்பாடி. சென்ட்ரலிலிருந்து மேற்கே, பெங்களூரு பக்கமும் கோவை பக்கமும் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை காட்பாடியில் நிற்கும். 2022 நவம்பரில் தொடங்கிய மைசூரு வந்தே பாரத்தும் நிற்கிறது. அங்கிருந்து சித்தூர் 35 கி.மீ. அளவு, வேலூர்–சித்தூர் பஸ்கள் காட்பாடி வழியாகத்தான் ஓடுகின்றன. காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி என்று ரயில் பாதையும் உண்டு. வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துப் போக வேண்டும். காரில் போகிறவர்கள் சென்னை நகருக்குள் நுழையவே தேவையில்லை. ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, ராணிப்பேட்டை வழியாகச் சுமார் 150 கி.மீ.

சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலைக்குப் போகிறவர்களோ சென்னையையே மறந்துவிடலாம். பலமநேரும் குப்பமும் பெங்களூருவின் பக்கத்துப் பிள்ளைகள். பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கி ஹொஸ்கோட்டே, கோலார், முல்பாகல் வழியே போனால் பலமநேர் வரும். குப்பம் ஜோலார்பேட்டை–பெங்களூரு ரயில் பாதையிலேயே இருக்கிறது. குப்பத்துக்காரரை ரேணிகுண்டா விமானத்தில் வரச் சொல்பவர் மாவட்ட வரைபடத்தைப் பார்த்ததில்லை.

"திருப்பதி மாவட்டத்தில் வேலை என்றால் திருப்பதியில் தங்கு"

ஸ்ரீசிட்டிக்கு வருகிறவர்கள் அகப்பட்டுக்கொள்ளும் இடம் இது. இசுசு, கோபெல்கோ, டைகின் என்று ஜப்பானிய நிறுவனங்கள் நிறைந்த தொழில் நகரம். முகவரியில் திருப்பதி மாவட்டம். ஆனால் அது தடா அருகே, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பதியைவிடச் சென்னையே கிட்டம். ஜப்பானியப் பொறியாளர்களைக் கம்பெனிக் கார் சென்னை விமான நிலையத்திலேயே ஏற்றிக்கொண்டு போய்விடும். சொந்தச் செலவில் நேர்முகத் தேர்வுக்கு வரும் நம் பையன்கள்தான் முகவரியைப் பார்த்துவிட்டுத் திருப்பதியில் அறை எடுத்து, விடிகாலையில் பஸ் தேடுகிறார்கள். சென்ட்ரலிலிருந்து சூலூர்ப்பேட்டைப் பக்கம் போகும் மின்சார ரயில் தடாவில் நிற்கும்.

"வந்த வழியே திரும்பிவிடலாம்"

வரும்போது தாமதமானால் தரிசன நேரம்தான் தள்ளும். திரும்பும்போது தாமதமானால் விமானம் போய்விடும். ஆகவே இரண்டுக்கும் ஒரே வண்டி பொருந்தும் என்பது தப்புக் கணக்கு. வெளிநாட்டு விமானங்களில் பல சென்னையிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் கிளம்புபவை. மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்கச் சொல்வார்கள். மாலையில் திருப்பதியை விடும் சப்தகிரி சென்ட்ரலுக்கு வரும்போது இரவு ஒன்பதைத் தாண்டியிருக்கும். பதினொரு மணி வாக்கில் கடைசி மெட்ரோவும் போய்விடும். அதிகாலை மூன்று மணி விமானத்துக்கு அது பொருந்தும். நள்ளிரவு விமானத்துக்குப் பொருந்தாது; காலையில் கிளம்பும் கருடாத்ரியில் திரும்பிவிட வேண்டும், தரிசனத்தை முந்தின நாளே முடித்துவிட்டு. விமானத்தன்று தரிசன டிக்கெட் வைத்துக்கொள்ளவே வேண்டாம். முன்னூறு ரூபாய் டிக்கெட்டில் நேரம் அச்சிட்டிருந்தாலும் அது வரிசையில் நுழையும் நேரம். வெளியே வரும் நேரத்தைத் தேவஸ்தானம் அச்சிடுவதில்லை.