ஏரியின் கொள்ளளவைப் பெருக்குதல்: மதுராந்தகம் ஏரியைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

செங்கற்பட்டு ஜில்லாவில் நெற்சாகுபடி பெரும்பாலும் ஏரிகளையே ஆதாரமாகக் கொண்டது. பாலாற்றில் வருஷத்தில் சில தினங்களே வெள்ளம் ஓடும். ஆதலின், வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைத்தாலன்றிச் சம்பாப் பயிரை முடிக்கவோ நவரையைத் தொடங்கவோ இயலாது. இங்ஙனம் மழைநீரைத் தேக்கும் ஏரிகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று மதுராந்தகம் ஏரி. இது கிளியாற்றின் நீரைப் பெற்று, ஆயக்கட்டு நிலங்களுக்கு உதவி, மிகுந்ததைக் கலிங்கல் வழியே வெளியே விடுகின்றது. அவ்வுபரி நீர் பாலாற்றை அடைந்து, மாமல்லபுரத்திற்குத் தெற்கே, வாயலூரை அடுத்துக் கடலில் கலக்கின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்குக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரையின் காலத்தில், பெருமழையிலும் இக்கரை உடையாமல் நின்றதற்கு ஸ்ரீராமபிரானே காவலிருந்தார் என்பது ஊராரின் நம்பிக்கை. அங்குள்ள கோயில் ‘ஏரி காத்த ராமர் கோயில்’ என்றே வழங்குகின்றது. அக்காலத்தார் கரையைப் பற்றி எவ்வளவு கவலை கொண்டிருந்தனர் என்பதற்கு அப்பெயரே சாட்சி. பிற்காலத்தில் வந்த தீங்கோ ஓசையின்றி வந்தது. ஆண்டுதோறும் வண்டல் படிந்து ஏரியின் வயிறு தூர்ந்தது.

இவ்வேரியின் கொள்ளளவு 694 மில்லியன் கன அடி என்று கணக்கிடப்பட்டிருந்தது. வண்டலினால் அவ்வளவு நீர் நிற்கவில்லை. ஆகவே, தூர் வாரிக் கரையைப் பலப்படுத்திக் கொள்ளளவை 791 மில்லியன் கன அடியாக உயர்த்தும் வேலை, ஏறக்குறைய 120 கோடி ரூபாய் மதிப்பில் 2022-ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்டது.

முந்தைய கணக்குக்கு மேல் கிடைக்கும் 97 மில்லியன் கன அடி என்பது எவ்வளவு? ஏரியின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 2,400 ஏக்கர். ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் 43,560 கன அடி. ஆகவே அப்பரப்பு முழுவதும் சுமார் 11 அங்குல ஆழம் கூடுவதற்கு இது சமம். ஒரு போக நெல்லுக்கு நாலடி நீர் வேண்டுமென வைத்துக்கொண்டால், 550 ஏக்கருக்குச் சற்று மேல் பாயும். வெயிலில் ஆவியாவதும் வாய்க்காலில் கசிவதும் போக நிற்பது இதனினும் குறைவே. ஆயினும் கடைமடைக் குடியானவனுக்குக் கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் ஒரு நனைப்புக் கிடைப்பதும் கிடையாததும் இவ்வளவு நீரைப் பொறுத்ததே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் மதகு வழியே வயலுக்குப் பாயாது. அது கால்நடைக்கும் மீனுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும். பாசனக் கணக்கில் சேராது. ஆதலின் எத்தனை கன அடி மண் வெட்டப்பட்டது என்பதைவிட, எந்த மட்டத்தில் வெட்டப்பட்டது என்பதே முக்கியம். ஆற்றுநீர் ஏரிக்குள் நுழைந்து வேகம் குறையும் உள்வாய்ப் பகுதியிலேயே மணலும் பருவண்டலும் முதலில் படிகின்றன. நுண்களி மட்டும் கரையோரம் வரை செல்லும். வெட்டவேண்டிய மண் பெரும்பாலும் உள்வாயில் இருக்க, வண்டி செல்ல வசதியென்று கரையடியிலேயே பள்ளம் பறிப்பது தவறு. அது கரையின் காலைப் பறிப்பதாகும்.

கலிங்கலின் மேல் கதவுகள் வைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது மற்றொரு வழி. இதில் செலவு குறைவு. ஆனால் நீர் உள்வாயில் பரந்து அங்குள்ள பட்டா நிலங்களை மூழ்கடிக்கும். மெல்லிய நீர்ப்பரப்பு வெயிலுக்கு விரைவில் வற்றும். புயல் இரவில் கதவைத் திறக்கத் தவறினால் கரைக்கே ஆபத்து. ஆழப்படுத்துதலே சிறந்தது, கிளியாற்றின் நீர்ப்பிடிப்பில் மண்ணரிப்பைத் தடுக்காவிடில் அதுவும் நிலையாது.

மதகுக்கு வெளியே உள்ள வேலை கோடிக் கணக்கான ரூபாயில் அடங்குவதன்று. தாய்வாய்க்கால் தூர்ந்திருந்தால் ஏரி நிறைந்தும் கடைமடை காயும். இவ்வேலை முற்காலத்தில் யாருடையது என்பதற்குச் சான்றுகள் உள. முதற் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்ச் சாசனங்கள், குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்ட அறுவர் கொண்ட ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. அவர்கள் பதவிக்காலம் 360 நாள். செங்கற்பட்டுக் கிராமங்களை 1767 முதல் 1774 வரை அளந்த பார்னார்டு என்பவரின் கணக்குகளில், களத்து நெல்லில் ஏரிப் பராமரிப்புக்கென்று ஒரு பங்கு முதலிலேயே ஒதுக்கப்பட்டமை காணப்படுகின்றது. அப்பங்கு நின்றபின் வாய்க்கால் வெட்டும் கடமையும் தளர்ந்தது. ஏக்கர் விகிதம் ஒரு சிறு தொகையை ஆயக்கட்டுதாரர் தாமே சேர்த்து, நீர் பாய்ச்சும் கம்புகட்டிக்குக் கூலியும் வைகாசி, ஆனி மாதங்களில் வாய்க்கால் வெட்டுக் கூலியும் கொடுத்து வருவது இதற்குச் சரியான பரிகாரம்.

இத்தகைய பெருவேலை நடக்கும் பருவங்களில் ஏரியில் நீர் நிறுத்துதல் இயலாது. அந்நஷ்டம் ஆயக்கட்டுதாரர் தலையிலேயே விழுகின்றது. கிணறுள்ளோர் அக்காலத்தில் நெல்லை விட்டு, உளுந்து, எள், நிலக்கடலை முதலிய குறைந்த நீர்ப் பயிர்களை இடுவது நலம்.

வெட்டியெடுத்த வண்டலைப் பற்றியும் ஒரு வார்த்தை. களிநிலத்தில் அதனை மேலும் இட்டால் வடிகால் கெடும். சதுரங்கப்பட்டினம், வாயலூர் பக்கத்து மணற்பாங்கான நிலங்களுக்கோ அது நல்ல சரக்கு. ஈரத்தையும் எருவின் சத்தையும் நிறுத்தும். முதலில் ஒரு பிடி மண்ணை மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பி உப்பும் களரும் இல்லையென்று அறிந்துகொள்ள வேண்டும். பின் கோடையில் வயலில் பரப்பி, வெயிலில் கட்டிகள் உதிர்ந்தபின், முதல் மழைக்கு உழுது கலந்துவிட வேண்டும்.