முகாமுக்கு டேப் எடுத்துக்கொண்டு போ

அன்புள்ள தம்பி,

காஞ்சிபுரம் கண் முகாம் உன் பொறுப்பில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களை ஆறு மீட்டர் தள்ளி உட்காரவைத்து, எழுத்துப் பலகையை மட்டும் காட்டி அனுப்பிவிடாதே. 6/9 படிக்கிற பெரியவர் உன் ஏட்டில் ‘பார்வை பரவாயில்லை’ என்று ஏறிவிடுவார். வீட்டுக்குப் போனதும், அறுந்த பட்டிழைக்கு முடிச்சுப் போடப் பேரனைக் கூப்பிடுவார்.

வெள்ளெழுத்துக் கண்ணாடியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. நாம் சோதிப்பது புத்தகம் பிடிக்கும் தூரத்தில், 40 செ.மீ. குழித்தறியில் நெய்கிற இடம் அநேகமாக அதைவிடத் தள்ளி இருக்கும். கோர்வை போடும் கரை இன்னும் தள்ளி, பக்கவாட்டில். 40 செ.மீ.க்கு 2.50 பவர் வேண்டியவருக்கு 60 செ.மீ.க்கு 1.75 போதும். கூடுதலாகக் கொடுத்தால் குனிந்து குனிந்து கழுத்து வலித்து, கழற்றி மாடத்தில் வைத்துவிடுவார். நாமும் ‘முதியவர்கள் கண்ணாடி போடுவதில்லை’ என்று அறிக்கை எழுதிவிடுவோம். தறிக்கே போய், அவரை உட்காரச் சொல்லி, கண்ணுக்கும் துணிக்கும் டேப் பிடித்து அள. விளக்கு எங்கே தொங்குகிறது என்றும் பார்.

அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு இந்தக் கண்ணாடியைக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். 2018இல் ‘லான்செட்’ குழும இதழில் வந்தது. கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் பறிப்பு சுமார் 22 சதவீதம் கூடியிருந்தது. கொழுந்து பறிக்கவே அப்படி. பட்டுக்குச் சொல்ல வேண்டுமா!

புரை விழுந்தவருக்குக் கருப்பும் கருநீலமும் ஒன்றாகிவிடும், ஜரிகை கூசும். தறியை விட்டு இறங்கித் தார் சுற்ற உட்காருவார். கூலி குறைவது ஒரு பக்கம். முந்திக்கு என்ன வண்ணம் வைக்கலாம் என்று அவரிடம் கேட்டுவந்த மகன் கேட்பதையே விட்டிருப்பான். இதை அவராக உன்னிடம் சொல்லமாட்டார். “வயசாச்சுப்பா” என்பார், அவ்வளவுதான்.

உங்கள் காஞ்சிபுரத்தில் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதரை 1979இல் சேவித்தவர்கள் 40 வருஷம் கழித்து 2019இல் மறுபடி வரிசையில் நின்றார்கள். “கிட்டத்தில்தான் நின்றேன், திருமுகம் தெரியலை” என்றவர்களை நான் பரிசோதித்திருக்கிறேன். 6/36 என்று எழுதினேன். மற்றதை எழுத ஏட்டில் கட்டம் இல்லை.

கட்டம் உள்ள படிவமும் நம் நாட்டிலேயே உண்டு. பார்வைக் குறைவு வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்கும் இந்திய வினாப்பட்டியல், 2005இல் வெளியானது. மொத்தம் 33 கேள்வி: 21 அன்றாட வேலை பற்றி, 7 கண் தொந்தரவு பற்றி, 5 மனசு பற்றி. முகாம் நெரிசலில் முழுவதையும் கேட்க முடியாது. ஆனாலும் அந்த ஐந்தை விடாதே என்பது என் கட்சி. அதற்கும் நேரமில்லையென்றால், “கண் சரியாத் தெரியாததால எதையெல்லாம் விட்டுட்டீங்க, ஐயா?” என்றாவது கேள். பதில் வரும்வரை பேனாவை மூடி வை.

சர்க்கரை உள்ளவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்காமல் அனுப்பாதே. வாசற்படியில் தடுக்கி விழுந்தேன் என்பவருக்குப் பக்கப் பார்வையும் கண் அழுத்தமும் சோதி.

அறுவை சிகிச்சைக்குத் தேதி சொன்னால், “பாவு முடியட்டும்” என்பார்கள். சாக்கு என்று கோபித்துக்கொள்ளாதே. ஒரு பாவுக்குப் பெரும்பாலும் மூன்று சேலை. பாதியில் எழுந்தால் கூலி நிற்கும், முதலாளிக்கும் பதில் சொல்ல வேண்டும். தறியில் இன்னும் எத்தனை சேலை பாக்கி என்று கேட்டுக்கொண்டு அதற்குத் தகுந்தாற்போல் தேதி குறி. அழைத்துவரப்போகும் மகனின் போன் நம்பரையும் அப்போதே வாங்கிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்