வீதிக் கானில் கக்கூஸ் குழாய்: சபையின் அறிவித்தல் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, ஹாலிஎல பக்கத்தில் தோட்டமொன்றில் எங்களுக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்தது. கடன்பட்டு நாங்களே வீடு கட்டினோம். பதினொரு வருடமாகக் குடியிருக்கிறோம். சின்னதாக ஒரு கக்கூஸ் குழி வெட்டியிருந்தோம். அது அடிக்கடி நிரம்பியதால் அதிலிருந்து நாலு அங்குலக் குழாய் ஒன்றைப் பண்டாரவளை வீதியோரக் கானுக்குள் விட்டோம். சென்ற வாரம் பிரதேச சபையிலிருந்து சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வந்தது. 14 நாட்களுக்குள் குழாயை அகற்ற வேண்டுமாம். எங்களுக்கு மேலே உள்ள மூன்று மாடி லொட்ஜின் கழிவும் அதே கானில்தான் வருகிறது. மழைக்குக் கான் நிரம்பினால் எங்கள் லயத்தில் தண்ணீர் எடுக்கும் பீலிப் பக்கம் வழிகிறது. அவர்களை யாரும் கேட்பதில்லை. அம்மா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். அங்கே பொதுக் கக்கூஸின் கழிவு திறந்த கானில் ஓடுகிறது. அதைச் சொன்னால் சபை தோட்டத்தைக் காட்டுகிறது, தோட்டம் சபையைக் காட்டுகிறது. கானில் இணைக்க எங்களுக்கு உரிமை இல்லையா?
– வாசகி, ஹாலிஎல

பதில்: சகோதரி, உங்களுக்குக் கசப்பான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழாயை வைத்திருக்க உங்களுக்குச் சட்டத்தில் உரிமை இல்லை. சபை அனுப்பிய அறிவித்தலின் அடிப்படை சரியானது. ஆனால் அதே சட்டம் லொட்ஜ் உரிமையாளரையும், தோட்ட நிர்வாகத்தையும், சபையையும் கட்டுப்படுத்துகிறது. அதை உங்கள் பக்கம் திருப்ப வழியுண்டு.

நீங்கள் குழாய் விட்டிருப்பது மழைநீர் வடிகான். மலக்கழிவைக் கொண்டுபோய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்கும் நிலக்கீழ்ச் சாக்கடை வேறு. அத்தகைய குழாய்த்தொகுதி இலங்கையில் கொழும்பிலும் வேறு சில இடங்களிலும்தான் உண்டு. ஊவா மாகாணத்துக்குள் கதிர்காமத்தில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அதை நடத்துகிறது. அப்படிச் சாக்கடை இருக்கும் இடத்தில்கூட யாரும் தன்னிச்சையாகப் பொருத்த முடியாது. விண்ணப்பித்து, அனுமதி பெற்று, கட்டணம் செலுத்தி, அதிகாரியின் மேற்பார்வையில்தான் இணைக்கலாம். உங்கள் வீதியோரக் கானோ மழைநீரை நேரே ஓடைக்குக் கொண்டுபோகக் கட்டப்பட்டது. அந்த ஓடை பதுளு ஓயாவில் விழும். துன்ஹிந்தவில் விழுவதும் பிறகு மகாவலியில் கலப்பதும் அந்த ஆறுதான். வழியில் எத்தனை தோட்டத்துப் பிள்ளைகள் அதில் குளிக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

பலர் என்னிடம் ஒரு வாதத்தோடு வருவார்கள்: “கான் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. பிரதேச சபை எப்படிக் கேட்கலாம்?” பெரகலையிலிருந்து ஹாலிஎல வரும் உங்கள் பண்டாரவளை வீதி ஏ-16 பெருந்தெரு என்பதும், அதன் ஓரக் கான் 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டத்தின் கீழ் வருவதும் உண்மை. மாகாண வீதியென்றால் மாகாண சபை, கிராம வீதியென்றால் பிரதேச சபை, தோட்டத்து வீதியென்றால் பெரும்பாலும் தோட்டம் என்று கானின் பொறுப்பு வீதியைப் பொறுத்து மாறும். ஆனால் யாருடைய கானாக இருந்தாலும் அதில் மலம் ஓடினால் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தன் எல்லைக்குள் பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் பொறுப்பைச் சபைக்கே கொடுத்திருக்கிறது. பல சபைகள் 23.08.1988ஆம் திகதி 520/7ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த மாதிரித் துணைவிதிகளை ஏற்றுக்கொண்டே இயங்குகின்றன. கான் யாருடையது என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாது. பெருந்தெரு அதிகாரிகளும் தனியாக ஒரு கடிதம் அனுப்ப அது வழி செய்யும்.

“பதினொரு வருடம் ஓடிய குழாய், உரித்தாகிவிட்டதே” என்பதும் எடுபடாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பத்து வருடம் தடையின்றி அனுபவித்தால் அயலவரின் காணியில் நீர் விடும் உரிமைகூடக் கிடைக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் அரசின் உரிமைகளைத் தொடாது. பொதுத் தொல்லை செய்யும் உரிமையை எத்தனை வருடமானாலும் யாரும் சம்பாதிக்க முடியாது. உங்களுக்குப் பொருந்தும் இந்த விதி லொட்ஜ்காரருக்கும் அப்படியே பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தது தவறு. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தமிழில் அரச அலுவலகத்துடன் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. ஆனால் மொழியைக் காரணம் காட்டிக் கடிதத்தை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நாள் எண்ணப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். தமிழ்ப் பிரதி கேட்டும், வேலையை முடிக்க நியாயமான கால நீடிப்புக் கேட்டும் ஒரே கடிதத்தைச் செயலாளருக்குத் தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்து ஊசி குத்தி வையுங்கள். மலையகத்தில் எத்தனையோ நல்ல வழக்குகள் இந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல்தான் தோற்றிருக்கின்றன. தமிழ்ப் பிரதி வராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

இனிக் குழிக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டுக் கூரையின் மழைநீர்க் குழாயும் அதே குழிக்குள்தான் இறங்குகிறது. உங்கள் குழி அடிக்கடி நிரம்புவதற்கு அதுவே போதுமான காரணம். கூரைத் தண்ணீரை வீதிக் கானுக்குத் திருப்புங்கள். மழைநீருக்காகக் கட்டிய கான் அது, ஆனாலும் சபையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மலக்கழிவுக்கு அடி பூசிய, இரண்டு அறை கொண்ட தொட்டியும், அதிலிருந்து வெளிவரும் நீருக்கு உறிஞ்சு குழியும் வேண்டும். இலங்கைத் தர நிர்ணயம் 745 இதற்கான அளவுகளைச் சொல்கிறது. கிணற்றுக்கும் பீலிக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பொதுவாகக் கேட்பது 50 அடி. ஏழு பேர்ச்சில் அந்தத் தூரம் கிடைக்காமல் போகலாம். அதை மறைத்து வெட்டாமல், பரிசோதகரை அழைத்து நேரில் காட்டுங்கள். அயல் வீட்டாரோடு சேர்ந்து, சற்றுத் தள்ளி ஒரு பொதுத் தொட்டி கட்டுவதுதான் பல இடங்களில் நடைமுறைக்கு ஒத்துவரும். காணி தோட்டத்துடையதாக இருந்தால் முகாமையாளரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. சமையலறை, குளியல் நீரையும் வீதியில் விட முடியாது, அதற்கும் ஒரு உறிஞ்சு குழி வேண்டும். தொட்டி நிரம்பினால் சபையின் கலி பவுசரைக் கட்டணம் கட்டி அழைக்கலாம்.

பதுளை மாவட்டத்தில் இருப்பவர் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சரிவில் உறிஞ்சு குழி வெட்டினால் அந்த நீர் மண்ணுக்குள் ஊறி நிற்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் இந்த மாவட்டம் பட்ட பாட்டையும் நாம் பார்த்திருக்கிறோம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் 2011 முதல் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படுகிறது. பதுளை அவற்றில் ஒன்று. உங்கள் வீட்டுக்கு அனுமதி பெற்ற வரைபடமும் இணக்கச் சான்றிதழும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், தொட்டி வேலையோடு சேர்த்து அவற்றுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். குழி எங்கே பாதுகாப்பாக அமையும் என்பதை அந்த நிறுவனத்தின் பதுளை அலுவலகத்திடம் கேட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

லொட்ஜ் விடயத்துக்கு வருகிறேன். “அவரைப் பிடிக்கவில்லை, என்னையும் விடு” என்ற வாதத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது. “அவரையும் பிடி” என்பதைச் சட்டம் ஏற்கும். முதலில் சபையிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்: அந்தக் கட்டடத்தின் அனுமதி பெற்ற வரைபடத்தில் கழிவுநீருக்கு என்ன ஏற்பாடு காட்டப்பட்டுள்ளது, இணக்கச் சான்றிதழ் கொடுக்கப்பட்டதா, தேவையான இடத்தில் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் உண்டா. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் சொல்ல வேண்டும். வரைபடத்தில் தொட்டியைக் காட்டிவிட்டுக் கானில் குழாய் விட்டிருந்தால், அந்தத் தாளே உங்கள் வலுவான சாட்சி.

அதே வேளை பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பீலித் தண்ணீரின் மாதிரியை எடுத்துப் பரிசோதிக்கும்படி எழுத்தில் கோருங்கள். மலக்கிருமி இருப்பதாக அறிக்கை வந்தால் பாதி வழக்கு முடிந்தது. கான் வழியும் மழை நாளில் திகதி தெரியப் படமெடுத்து வையுங்கள். பிறகு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இருக்கிறது. பொதுத் தொல்லை பற்றி அறிக்கையோ வேறு தகவலோ கிடைத்தால், அதை அகற்றும்படி அல்லது வந்து காரணம் காட்டும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். பொலிஸோ பரிசோதகரோ மனம்வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சட்டத்தரணி மூலம் பதுளை நீதவான் நீதிமன்றத்தில் அந்தத் தகவலை வைக்கலாம். துணைவிதி மீறலுக்கான அபராதம் இன்றைய காசுக்கு அற்பம், லொட்ஜ்காரர் கட்டிவிட்டுப் போவார். நீதவானின் கட்டளை அப்படியல்ல, மீறினால் தண்டனை உண்டு. ஆகவே என் தெரிவு 98ஆம் பிரிவுதான்.

மேல் காணியிலிருந்து இயற்கையாக ஓடிவரும் மழைநீரைக் கீழ்க் காணிக்காரர் ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டில் இன்றும் ஆளும் ரோமன்-டச்சுச் சட்டத்தின் விதி. அந்த நீரில் கழிவைக் கலந்து விட அது யாருக்கும் அனுமதி தரவில்லை. 2019 ஏப்ரலில் சுன்னாகம் மின்னிலைய வழக்கில் உயர் நீதிமன்றம், கிணறுகளை எண்ணெயால் கெடுத்த நிறுவனம் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்பது அதன் அடிநாதம். உங்கள் பீலிக்கும் அந்த நியாயம் உண்டு.

அம்மாவின் லயம் பற்றிக் கேட்டதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சபையும் தோட்டமும் ஒன்றையொன்று காட்டுவது பழைய கதை. 1930களில் கிராமச் சபை வாக்குரிமையிலிருந்தே தோட்டத் தொழிலாளரை ஒதுக்கினார்கள். 1987இல் பிரதேச சபைகள் வந்த பிறகும், தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட முடியாதென்று 33ஆம் பிரிவைக் காட்டிக் கைவிரித்தார்கள். நம்மவர் வாக்கில் தெரிவான உறுப்பினர்களே நம் லயத்துக்கு ஒரு கான் வெட்ட முடியாமல் நின்ற காலம் அது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றியது. தோட்ட நிர்வாகத்துடன் கலந்துகொண்டு, தோட்டக் குடியிருப்பாளருக்கு வீதி, கிணறு முதலான பொது வசதிகளைச் செய்துகொடுக்கச் சபைக்கு இப்போது அதிகாரம் உண்டு. “எங்களுக்கு அதிகாரமில்லை” என்று யாரேனும் இன்று சொன்னால், அந்த இலக்கத்தை எழுதிக் கையில் கொடுங்கள்.

தோட்டமும் தப்ப முடியாது. 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருக்கும் கடமையைத் தோட்டத் துரையின் தலையில் வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனாலும் கடமை கடமையே. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போய், பிறகு நீண்டகாலக் குத்தகையும் எழுதப்பட்டதால், நில உரிமை அரசிடமே இருந்தாலும் அன்றாடப் பராமரிப்புக்குக் கம்பனியே பதில் சொல்ல வேண்டும். லயத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களும் கையெழுத்திட்டு ஒரே மனுவை முகாமையாளருக்கும், சபைச் செயலாளருக்கும், சுகாதார வைத்திய அதிகாரிக்கும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் ஒருவர் மற்றவரைக் காட்ட முடியாது. எழுத்தில் கேட்டும் சபை தன் கடமையைச் செய்யாவிட்டால், செய்யும்படி ஆணை கோரிப் பதுளை மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு போடலாம். உள்ளூராட்சி மாகாண விடயம் என்பதால் அரசியலமைப்பின் 154த உறுப்புரை அந்த அதிகாரத்தை அந்த நீதிமன்றத்துக்குத் தருகிறது. வசதி குறைந்தவர்கள் பதுளையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தை நாடலாம்.

அறிவித்தல் வந்து ஒரு வாரம் போய்விட்டது, இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. கால நீடிப்புக் கடிதத்தை நாளைக்கே பதிவுத் தபாலில் போடுங்கள், குழாயின் வாயை உடனே அடையுங்கள், தொட்டி வேலை முடியும்வரை பவுசருக்குப் பணம் கட்டுங்கள். நீங்கள் உங்கள் குழாயை எடுத்த பிறகு லொட்ஜைப் பற்றி முறையிட்டால் எவரும் உங்களை நோக்கி விரல் நீட்ட முடியாது. பரிசோதனை அறிக்கை வரும்வரை பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.