படமும் சொல்லும்

நுழையும்முன்

எழுத்துக்கூட்டிப் படிக்க அறியாத குழந்தையும் படத்தைக் கண்டு கதை சொல்லும். அக்கதைக்குச் செவிசாய்க்க வகுப்பறையில் ஒருவர் இருந்தால், அக்குழந்தை வாசிப்பின் வாயிலில் நுழைகிறது. இல்லையெனில் ‘படிப்பு வராத பிள்ளை’ என்னும் பெயர் அதன்மேல் படிந்துவிடுகிறது. குழந்தை இலக்கியத்தின் ஒரு பிரிவாகிய படநூலின் இயல்பையும், அதனை வகுப்பறையில் பயன்படுத்தும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

குழந்தையைப் பாடுதலும் குழந்தைக்குப் பாடுதலும்

குழந்தையைப் பாடும் மரபு தமிழில் தொன்மையானது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம், பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகக் கருதிப் பத்துப் பருவங்களில் பாடுகிறது. ஆயினும் அது பெரியோர் கற்றுச் சுவைக்கும் இலக்கியமே ஆகும். சிறுவர்க்கென அமைந்த ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியன நன்னெறி உணர்த்துவதை நோக்கமாகக் கொண்டவை; திண்ணைப் பள்ளிகளில் அவற்றைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். குழந்தையின் மகிழ்ச்சிக்கென்றே பிறந்த இலக்கியம் தாலாட்டாகவும் விளையாட்டுப் பாடலாகவும் பாட்டி கதையாகவும் விடுகதையாகவும் வாய்மொழியில் வாழ்ந்தது. விடுகதையைத் தொல்காப்பியம் ‘பிசி’ எனப் பெயரிட்டுச் செய்யுள் வகைகளுள் ஒன்றாக எண்ணுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. பாரதியாரும் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் குழந்தையின் நாவுக்கு எளிதாகும் சொற்களில் பாடினர். ‘குழந்தைக் கவிஞர்’ எனப் போற்றப்படும் அழ. வள்ளியப்பா (1922-1989) தம் எழுத்துப்பணியைக் குழந்தைகளுக்கென்றே ஒப்படைத்தார். பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 1947ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘அம்புலிமாமா’ இதழ், கதையோடு ஓவியத்தையும் தமிழ்ச் சிறுவர்களின் இல்லங்களுக்குக் கொண்டுசென்றது.

படநூல் என்பது யாது?

படம் உள்ள நூல்கள் அனைத்தும் படநூல்கள் ஆகா. ஒரு கதைநூலிலிருந்து படங்களை நீக்கிய பின்னரும் கதை முழுமையாக விளங்குமாயின், அங்குப் படம் அணியாக மட்டுமே அமைந்துள்ளது. படத்தை நீக்கினால் கதையே குலைந்துபோகுமாயின், அதுவே படநூல். அங்குச் சொல் பாதிக் கதையைக் கூறும். படம் மறுபாதியைக் கூறும். இரண்டையும் இணைத்துப் பொருள்கொள்ளும் பணி வாசிப்பவருடையது.

படத்தின்வழிக் கற்பித்தல் புதிய கருத்தன்று. செக் நாட்டுக் கல்வியாளர் கொமீனியஸ், 1658ஆம் ஆண்டு நியூரம்பெர்க் நகரில் படங்களாலான பாடநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் படத்தின் உறுப்புகளுக்கு எண்கள் இடப்பட்டு, அவ்வெண்களுக்குரிய சொற்கள் இலத்தீன் மொழியிலும் செருமன் மொழியிலும் தரப்பட்டிருந்தன. அந்நூலில் படம் சொல்லின் பொருளை விளக்கியது. பிற்காலப் படநூல்களிலோ படம் சொல் கூறாததையும் கூறத் தொடங்கியது.

ரோசியும் நரியும்

இவ்வியல்பை விளக்க, ஆங்கிலேய ஓவியரும் எழுத்தாளருமாகிய பேட் ஹட்சின்ஸ் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ரோசிஸ் வாக்’ என்னும் நூல் தக்க சான்றாகும். ரோசி என்னும் கோழி, பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டு உணவு வேளைக்குத் திரும்புகிறது. நூலிலுள்ள சொற்கள் கூறுவது இவ்வளவே. ஒரே தொடரைப் பக்கந்தோறும் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து ஆசிரியர் அமைத்துள்ளார்.

படங்களிலோ ஒரு நரி கோழியைப் பின்தொடர்கிறது. அது பாய முனையும் ஒவ்வொரு முறையும் இடருக்குள்ளாகிறது, வைக்கோலை வாரும் கருவியின்மீது கால்வைத்து அடிபடுகிறது, குளத்தில் விழுகிறது, வைக்கோற்போரில் புதைகிறது, மாவு கொட்டி மூடப்படுகிறது, இறுதியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. ‘நரி’ என்னும் சொல் கதைத்தொடரில் ஓரிடத்திலும் இல்லை. பின்னால் நிகழ்வதை ரோசி அறிந்ததா, அறியாததா என்பதையும் ஆசிரியர் கூறவில்லை.

இந்நூலைச் சத்தமிட்டுப் படித்துக்காட்டும் ஆசிரியர், படத்தைக் காட்டாமல் சொற்களை மட்டும் படித்தால் வகுப்பறையில் ஒரு கோழி நடந்துபோகும்; அவ்வளவுதான். படத்தைக் காட்டினால், “பின்னாடி நரி வருது!” என்னும் கூச்சல் எழும். அக்கூச்சலை முதலில் எழுப்பும் குழந்தை, வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தையாகவும் இருக்கலாம். சொல் கூறாத ஒன்றைக் கண்டறிந்து, அடுத்து நிகழக்கூடியதை அக்குழந்தை ஊகித்துவிட்டது. கண்டறிதலும் ஊகித்தலும் சான்று காட்டலும் வாசிப்பின் உயிர்நாடிகள். எழுத்தறிவு அவற்றிற்கு வழியமைக்கும் கருவி. கருவி கைவரத் தாமதமாவதைக் கொண்டு, குழந்தைக்குச் சிந்தனையே இல்லை என முடிவுசெய்வது பெரும்பிழை.

வகுப்பறையில் வாசிக்கும் முறை

படநூலை வாசித்துக்காட்டுவதற்கு முன்னேற்பாடு தேவை. ஆசிரியர் நூலை முன்னரே முழுமையாகப் படித்து, எங்கு நிறுத்த வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் அரைவட்டமாக அமர்ந்தால் படம் அனைவர்க்கும் தெரியும்.

முதலில் அட்டையைக் காட்டி, கதை எதைப் பற்றியதாக இருக்கும் என ஊகிக்கச் செய்யலாம். வாசிக்கும்போது நூலின் பக்கங்கள் குழந்தைகளை நோக்கி இருத்தல் வேண்டும். ஒரு பக்கத்தைப் படித்தவுடன் அடுத்ததைப் புரட்டாமல், படத்தில் கண்கள் உலவச் சிறிது நேரம் தர வேண்டும். அந்த அமைதி வீண் பொழுதன்று. குழந்தை வாசித்துக்கொண்டிருக்கும் பொழுது. இரண்டாம் முறை வாசிக்கையில், கதையைச் சொல்லும் பொறுப்பைக் குழந்தைகளிடமே விடலாம்.

வினாக்களும் இதற்கேற்ப அமைய வேண்டும். ‘கோழியின் பெயர் என்ன?’ என்னும் வினாவுக்கு ஒரே விடைதான் உண்டு. அதனைக் கூறியதும் சிந்தனை நின்றுவிடும். ‘ரோசிக்கு நரி வருவது தெரியுமா? எதைக் கொண்டு அவ்வாறு சொல்கிறாய்?’ என வினவினால், குழந்தை மீண்டும் படத்திற்குச் சென்று ரோசியின் கண்ணையும் நடையையும் உற்றுநோக்கும். ஒருவர் ‘தெரியும்’ எனவும் மற்றொருவர் ‘தெரியாது’ எனவும் கூறி, இருவருமே படத்திலிருந்து சான்று காட்டக்கூடும். இலக்கியத் திறனாய்வின் முதற்படி இதுவே.

நீதி தேடும் வினா

கதை முடிந்தவுடன், ‘இக்கதையால் நாம் அறியும் நீதி யாது?’ என வினவும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இவ்வினாவைப் பலமுறை எதிர்கொண்ட குழந்தை, கதையைக் கேட்கும்போதே இறுதியில் சொல்ல வேண்டிய ஒற்றை வரியைத் தேடத் தொடங்கிவிடுகிறது. அவ்வரி கிடைத்ததும், கதையில் எஞ்சிய அனைத்தும் அதற்குத் தேவையற்றதாகிவிடுகிறது. நன்னெறியை உணர்த்துதல் கல்வியின் கடமையே. எனினும் நரியின்மீது இரக்கம் கொள்வதா, அதன் தோல்வியைக் கண்டு நகைப்பதா எனக் குழந்தை தயங்கும் அந்தக் கணத்தில், அறவுணர்வு தானே அரும்புகிறது. முன்கூட்டியே கூறப்பட்ட நீதி அத்தயக்கத்தைப் பறித்துவிடும்.

குஜராத்தைச் சேர்ந்த கல்வியாளர் கிஜுபாய் பதேகா (1885-1939), தம் ‘பகல் கனவு’ நூலில் கதை சொல்லியே வகுப்பறையை மாற்ற முனையும் ஓர் ஆசிரியரைப் படைத்தார். தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்ட அந்நூல், தேர்வுக்கான பாடமாக அன்றி, கற்றலின் வாயிலாகக் கதையை முன்னிறுத்துகிறது.

வீட்டுமொழியும் நூல்மொழியும்

முதல் வகுப்பில் சேரும் குழந்தை பேச்சுத்தமிழோடு வருகிறது. பாடநூல் எழுத்துத்தமிழில் அமைந்துள்ளது. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கு இவ்விடைவெளி இன்னும் பெரிது. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த குழந்தைக்கு அதனைக் கடக்க உதவுவோர் வீட்டில் இல்லாமற்போகலாம். படத்திற்கு வட்டார வழக்கும் இல்லை. எழுத்து வழக்கும் இல்லை. அதனைக் குழந்தை தன் வீட்டுமொழியிலேயே விவரிக்கலாம். அவ்வாறு கூறியதை ஆசிரியர் திருத்தாமல் கரும்பலகையில் எழுதி, விரலால் சுட்டிப் படித்துக்காட்டினால், தன் நாவில் பிறந்த சொல்லே எழுத்தாக நிற்பதைக் குழந்தை காணும். நூல்மொழிக்கு அங்கிருந்து பாலம் அமைப்பது எளிது.

நியூசிலாந்து ஆசிரியர் சில்வியா ஆஷ்டன் வார்னர், மவோரி இனக் குழந்தைகளுக்கு அவர்கள் கேட்ட சொற்களையே அட்டைகளில் எழுதித்தந்து வாசிப்பைத் தொடங்கினார். ‘டீச்சர்’ என்னும் பெயரில் 1963இல் வெளிவந்த அவரது நூல் அம்முறையை விரித்துரைக்கிறது.

பெட்டியிலிருந்து கைக்கு

நூல்கள் பூட்டிய பேழையில் பாதுகாப்பாக இருப்பதைவிட, குழந்தைகளின் கைபட்டு ஓரம் மடங்குவதே மேல். வகுப்பறையின் ஒரு மூலையில் கயிறு கட்டி, அட்டைப்படம் தெரியுமாறு நூல்களைத் தொங்கவிட்டாலே வாசிப்பு மூலை உருவாகிவிடும். சென்னையிலுள்ள தூலிகா, தாரா முதலிய பதிப்பகங்கள் படநூல்களை வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில், தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். பதிவிறக்கிப் படியெடுத்தும் வழங்கலாம். நூல் கிடைக்காத இடத்தில், பழைய நாட்காட்டிப் படங்களைத் தைத்துக் குழந்தைகளே கதை புனையலாம்.

தம்பிக்கோ தங்கைக்கோ அண்டைவீட்டுக் குழந்தைக்கோ ஒரு படநூலை வாசித்துக்காட்டும் வாய்ப்பு, மேல்நிலை வகுப்பு மாணவர்களாகிய உங்களுக்கும் உண்டு. அப்போது பக்கத்தை விரைந்து புரட்டாதீர்கள். நீங்கள் காணத் தவறிய நரியை அக்குழந்தை கண்டிருக்கக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர்களாகிய பஜ்ஜு ஷியாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி ஆகியோர் வரைந்த, இரவில் மரங்கள் கொள்ளும் உருவங்களைக் காட்டும் படநூலைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2006இல் வெளியிட்டது. அதன் பக்கங்கள் கையால் செய்யப்பட்ட கருந்தாளில், கையாலேயே திரை அச்சு முறையில் அச்சிடப்பட்டவை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் வழங்கும் பாட்டி கதை ஒன்றை எட்டுப் பக்கப் படநூலாக உருவாக்குக. சொல்லில் கூறாத ஒரு செய்தியைப் படத்தில் மட்டும் அமைத்திடுக.
2. அருகிலுள்ள தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு படநூலை வாசித்துக்காட்டி, அவர்கள் கூறியவற்றை அவர்களது பேச்சுவழக்கிலேயே எழுதி வகுப்பில் பகிர்க.

மதிப்பீடு

குறுவினா: படம் உள்ள நூலுக்கும் படநூலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா: வீட்டுமொழிக்கும் நூல்மொழிக்கும் இடையே படம் பாலமாகும் முறையை எழுதுக.

நெடுவினா: ‘கதை முடிந்ததும் நீதி கேட்பது வாசிப்பை வளர்க்குமா, தடுக்குமா?’ – உங்கள் கருத்தைத் தக்க சான்றுகளுடன் நிறுவுக.